நெஞ்சைக் காட்டிய கோடும் மூளையைக் காட்டிய கண்ணும்

இதயத்தின் எழுத்தை இமைக்காமல் படித்தவரே! அஞ்சி வந்தோர்க்கு ஆறுதலாய் அமைந்தவரே! முப்பத்துமூன்று ஆண்டுகள் எங்கள் இதயப் பிரிவின் இ.சி.ஜி. அறையைக் காத்து, இன்று பணி ஓய்வு பெறும் அன்பு அக்கா அவர்களே! வணக்கம்.

"ஜில்லுனு இருக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லாமல் நீங்கள் எவர் மார்பிலும் களிம்பு தடவியதில்லை. உங்கள் பெருமைகளை அடுக்கவே அமர்ந்தோம்; ஆயினும் மூன்றாண்டுக்கு முந்தைய அந்த நண்பகலைத் தாண்டி எழுதுகோல் நகரவில்லை.

அன்று தள்ளுபடுக்கையில் வந்தவர் உங்கள் கணவர். பேருந்தை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, "தலை சுத்துது" என்று சரிந்த ஓட்டுநர். "அக்கா, நீங்க வெளிய உட்காருங்க" என்றோம். "நானே எடுக்கறேன்" என்றீர்கள். தாளில் விழுந்த கோடுகள் மாரடைப்பு என்றே சொல்லின. நாடித்துடிப்பு முப்பத்தாறு. நீங்களும் நம்பினீர்கள், நாங்களும் நம்பினோம். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை மருத்துவர் ஊசிக்குழலில் நிரப்பிவிட்டார்.

வியர்வையைத் துடைக்கக் குனிந்த நீங்கள், அவர் இமையை விலக்கிப் பார்த்ததும் குரல் கொடுத்தீர்கள்.

"டாக்டர், போடாதீங்க! கண்மணி ரெண்டும் ஊசிமுனையாட்டம் சுருங்கிக் கெடக்கு. இது தலைக்குள்ள கோளாறு, ஸ்கேன் எடுத்துப் பார்த்துடுங்க."

"அக்கா, இ.சி.ஜி. தெளிவா இருக்கே!"

"நான் எடுத்ததுதான். அதையே நம்பாதீங்க."

ஸ்கேனில் உண்மை தெரிந்தது. இதயத்தில் அடைப்பில்லை, இதயத்தையும் மூச்சையும் ஆளுகின்ற மூளைத்தண்டில் இரத்தக்கசிவு! அங்கே கசிந்த குருதிதான் இங்கே நெஞ்சைத் தடுமாற வைத்து, மாரடைப்பின் வேடத்தைத் தாளில் வரைந்திருந்தது. அந்த ஊசி ஏறியிருந்தால் கசிவு பெருக்கெடுத்திருக்கும். எங்கள் கையாலேயே அவரை இழந்திருப்போம்.

பத்தொன்பது நாள் கழித்துக் கண்விழித்தவர் குழறிக் குழறிக் கேட்டார்: "வண்டியை யாரு எடுத்தா?" அதுவரை அழாத நீங்கள் அப்போதுதான் அழுதீர்கள். அவர் மீண்டும் வண்டி ஓட்டவில்லை. இடக்கை இன்னும் முழுதாய் வசப்படவில்லை. ஆனால் இருக்கிறார், உங்களோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கிறார்!

அன்று முதல் எங்கள் பிரிவில், மயங்கி வருவோர்க்கு மருந்தேற்றும் முன் கண்ணையும் பார்க்கிறோம். அது நீங்கள் இட்ட சட்டம்.

அக்கா! நோய் அண்டாமல், மனம் வாடாமல், நீடு வாழ்க! நாளை காலை எட்டு மணிக்கு நாங்கள் பழக்கதோஷத்தில் தொலைபேசியில் கூப்பிடுவோம். எடுக்காதீர்கள். எடுத்துவிடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

நெகிழ்வும் நன்றியுமாய்,
இதயச் சிகிச்சைப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள், பணியாளர்கள்