அக்னியாவின் சிரிப்பு

மேடையில் வீற்றிருக்கும் திரைக்கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே, ஸ்டுடியோ தோழர்களே, கொட்டும் பனியிலும் வாசல் வரை நிற்கும் மாஸ்கோ ரசிகப் பெருமக்களே! முப்பது ஆண்டுகள் அவருடைய படங்களை வெட்டி ஒட்டிய எடிட்டர் கிளாஃபிரா நிக்கித்திச்னாவின் கண்ணீர் வணக்கம்.

மக்கள் கலைஞர் ரொதியோன் லுக்கிச் கலூபின் மறைந்துவிட்டார். பதினொரு நகைச்சுவைப் படங்கள்! அவர் பெயர் சுவரொட்டியில் இருந்தால் டிக்கெட் வரிசை தெருமுனையைத் தாண்டும். அவர் யார்? தணிக்கைக் குழுவின் கண்ணில் மண்ணைத் தூவியே ஒரு நாட்டைச் சிரிக்க வைத்தவர்!

எப்படித் தூவினார்? முன்வரிசைக்காரர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு படத்திலும் வேண்டுமென்றே ஒரு விபரீதமான காட்சியை எடுத்து வைப்பார். குழு அதன்மேல் பாயும். நாங்கள் அழுது அரற்றிக் கடைசியில் அதை விட்டுக்கொடுப்போம். மற்ற குறும்பெல்லாம் தப்பிவிடும். நாய்க்கு வீசுவது போல என்பதால், அந்தக் காட்சிக்கு நாங்கள் வைத்த பெயர் ‘எலும்பு’.

“கிளாஷா, இந்தத் தடவை எலும்பு பெருசு. நல்லா கத்தி அழு, இல்லேன்னா நம்ப மாட்டானுங்க” என்பார் என்னிடம். நானும் அழுவேன். எத்தனை படங்களை அழுதே காப்பாற்றியிருக்கிறேன்!

எழுபத்தொன்பதாம் ஆண்டில் அவருடைய கடைசிப் படம். சோபா வாங்க வரிசையில் நிற்பவர்களின் கதை. ஒலிபெருக்கியில் ஐந்தாண்டுத் திட்டத்தின் சாதனைகளை வாசிக்கிறார்கள். வரிசையில் நிற்கும் ஒரு பெண் அதைக் கேட்டுச் சிரிக்கிறாள். முழுதாக ஒரு நிமிடம்! வசனம் கிடையாது, இசை கிடையாது. நடித்தவள் அவருடைய மனைவி அக்னியா. அப்போதே அவளுக்கு உடம்பு முடியவில்லை.

குழு படம் பார்த்த அன்றுதான் அக்னியாவின் அடக்கம். தன் இடத்தில் குழுவிடம் என்னை அனுப்பினார். இந்தப் படத்தில் எலும்பு எது என்று நான் கேட்கவில்லை. மனைவிக்கு மண் போடப் போகிறவரிடம் அதை எப்படிக் கேட்பது?

குழுத் தலைவர் முகத்தைச் சுளித்தார். “இந்தப் பொம்பளை எதுக்கும்மா இப்படிச் சிரிக்கிறா?”

“வேணாம்னா எடுத்துடறேங்க” என்று நான் முந்திக்கொண்டேன். அன்று நான் அழக்கூட இல்லை.

ஒன்பதாம் நாள் சடங்கு முடிந்து அவர் நேராக என்னிடம் வந்தார்.

“அக்னியா சிரிப்பைப் போடு, கிளாஷா. பாக்கணும்.”

“அது எலும்பு இல்லீங்களா?”

“எலும்பு, மந்திரி குளிக்கிற காட்சிடி!”

வெட்டிய பிலிம் போட்டு வைக்கும் கிட்டங்கிக்கு ஓடினேன். வெட்டிய பிலிமைக் கழுவி வெள்ளியைப் பிரித்தெடுப்பது எங்கள் ஸ்டுடியோ வழக்கம். நெகட்டிவும் சேர்ந்தே போயிருந்தது. திரும்பி வந்து, “தேடிப் பாக்கறேன்” என்றேன். மந்திரி குளித்த காட்சிக்கு நாடே கைதட்டியது, பரிசும் கிடைத்தது. அவர் அதன்பிறகு கேமராவைத் தொடவில்லை. வற்றிப் போனார் என்று பத்திரிகைகள் எழுதின. தோழர்களே, அவர் வற்றவில்லை! நான்தான் வெட்டினேன்! பதின்மூன்று ஆண்டுகள் அவர் கேட்டார். பதின்மூன்று ஆண்டுகள் நான் தேடுவதாகச் சொன்னேன்.

போன வாரம் ஆஸ்பத்திரியில், “கெடச்சுதா?” என்றார். அந்த முகத்தைப் பார்த்து, “கெடச்சிருச்சுங்க. வியாழக்கிழமை கொண்டுவரேன்” என்று சொல்லிவிட்டேன்.

வியாழனன்று முகம் மழித்து, டை கட்டி, சுவரில் வெள்ளை விரிப்பை மாட்டச் சொல்லி உட்கார்ந்திருந்தாராம். நர்ஸ் நான்கு முறை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவர் போய்விட்டார்.

அவருடைய பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறி முடிக்கும்படி தலைவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். எந்தப் பணியை? அதை நிறுத்தியவளே நான் அல்லவா? என்னால் கூற முடிந்த உறுதி ஒன்றுதான். அந்தக் காட்சி எங்கே என்று இனி யார் கேட்டாலும் பொய் சொல்ல மாட்டேன். அது எங்கும் இல்லை. அவரிடம் வாயால் சொல்லியாவது காட்டியிருக்கலாமே என்று இந்த மூன்று நாளாக அதை நினைவுக்குக் கொண்டுவர முயன்று பார்க்கிறேன். அக்னியா எப்படிச் சிரித்தாள் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை.