தால்சாவை அழித்த நண்பர்

பிள்ளைகளே, ஆவடி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் சலீம், பிரபு என்று இரண்டு நண்பர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து எழுதுகிற இணையக் கலைக்களஞ்சியத்தில் இருவரும் எழுதுகிறவர்களாம். கேட்டதை அப்படியே சொல்கிறேன்.

"இன்னா மாமே, அதுல நான் எழுதின எங்க ஊட்டு தால்சாவை அழிச்சிட்டியே?" என்றார் சலீம்.

"அது இன்னா சமையல் புக்கா மச்சான்? 'கத்திரிக்காய் போடவும், புளி ஊற்றவும்'னு எழுதிகீற. கலைக்களஞ்சியம் யாருக்கும் ஆர்டர் போடக் கூடாது."

"இப்ப 'தால்சா ஒரு குழம்பு'ன்னு ஒத்த வரிதான் கீது. பிரியாணிக்குத் தொட்டுக்கிற எங்க தால்சா வெறும் குழம்பாடா?"

"ரூல் அப்படி."

சலீம் போனில் எதையோ வேகமாகத் தட்டி, பிரபுவிடம் நீட்டினார். பிரபு சத்தமாகப் படித்தார்: "பூந்தமல்லி முஸ்லிம் வீடுகளில் பருப்போடு எலும்புக்கறியும் கத்திரிக்காயும் போட்டு, கடைசியில் புளி ஊற்றுகிறார்கள்."

"'ஊற்றவும்' இல்ல, 'ஊற்றுகிறார்கள்'. யாருக்கும் ஆர்டர் போடல. ஊர்ல நடக்கிறதைத்தான் எழுதிகீறேன்."

பிரபு சிரித்துவிட்டார். "சரி, இதுக்கு ஆதாரம்?"

"வெள்ளிக்கிழமை ஊட்டுக்கு வா. நல்லா துன்னுட்டு, அப்பால அழிடா பாக்கலாம்!"