ஓரனுக்கு ஒரே ஒரு ஸ்டார்

இல்ல கண்ணு, நீ என்ன சொன்னாலும் நான் ஒத்துக்க மாட்டேன். ஓரன் நல்லவனே கிடையாது. ஐயோ, முறைக்காத! உன் பையில அவன் மூஞ்சி போட்ட பேட்ஜக் குத்தி வச்சிருக்க, தெரியுது. இந்தக் க்யூவுல நிக்கிறதுல முக்கால்வாசிப் பேரு அவனக் கட்டிக்கத்தான வந்திருக்கீங்க. நானும் நாலு பாகமா படிக்கறேன். ஓநாயா மாறுறான், மனுஷனா மாறுறான், சட்டையக் கிழிச்சுக்கிறான். ஒரு தடவையாவது அந்த டெல்ஃபிகிட்ட, சாப்பிட்டியாடின்னு கேட்டிருக்கானா? சொல்லு பாப்போம்.

சிரிக்கிற. சரி, சிரி. ஆமா, கொஞ்சம் வாசப் பக்கம் பாத்துச் சொல்லேன், பச்சைத் தொப்பி போட்ட பொண்ணு யாராவது வந்திருக்கா? கூட ஒருத்தன் வருவான், ஒசரமா. இல்லையா? நான் திரும்ப மாட்டேன்மா, கழுத்துப் பிடிப்பு. நீயே பாத்துச் சொல்லு, உனக்குப் புண்ணியமாப் போகும்.

எங்கேர்ந்து வரேன்னா கேட்ட? லைமான்னு ஒரு ஊர்லேர்ந்து. கடை தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து வாசல்ல நின்னேன். இல்லன்னா இந்த நீலச் சீட்டு கெடைக்குமா? உன்னுதும் நீலம்தான? நல்லது. மொதல்ல நம்மளத்தான் கூப்பிடுவாங்க, அப்புறம் மஞ்சள், கடைசில வெள்ளை. வெள்ளை வாங்கினவ எழுத்தாளரம்மா கிட்டக் கையெழுத்து வாங்கறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். இப்ப வரவங்களுக்கெல்லாம் வெள்ளைதான் குடுக்கறாங்களாம், அந்தக் கவுன்டர் பொண்ணு சொன்னா. அதான் எனக்குக் கவலை.

எனக்காக இல்லம்மா. நான் ஒரு சிநேகிதிக்காகக் காத்திருக்கேன். நெட்ல பழக்கம். மழைநரின்னு பேரு வச்சுக்கிட்டு புத்தக விமர்சனம் எழுதுவாளே, நீ படிச்சிருக்கியா? ஆ, படிச்சிருக்கியா! பிரமாதமா எழுதுவா இல்ல? அவ எழுதறதுக்குக் கீழ போயி காக்கான்னு ஒருத்தி சண்டை போடுவாளே, எதுக்கெடுத்தாலும் குத்தம் சொல்லிக்கிட்டு? அந்தக் காக்கா நான்தான். பள்ளிக்கூட கேண்டீன்ல உருளைக்கிழங்க அடுப்புல தள்ளிட்டு, அது வேகறதுக்குள்ள ஒரு சண்டை போட்டுருவேன்.

அட, கெழவின்னு எதிர்பாக்கலையா? அவளும்தான் எதிர்பாக்க மாட்டா.

எனக்கு இந்தக் கதைங்க மேல இருக்கற மொத வயித்தெரிச்சல் என்ன தெரியுமா? அம்மாக்காரிங்கள எல்லாம் மொத அத்தியாயத்துலயே கொன்னுடறாங்க. காரு மோதிச் சாவு, காய்ச்சல்ல சாவு. சாகலன்னா எங்கயோ வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருப்பா. ரத்தக் காட்டேரி கதையா இருந்தாலும் சரி, றெக்கை மொளச்ச தேவதூதன் கதையா இருந்தாலும் சரி, வீட்ல அம்மா கெடையாது. ஏன்னா அம்மான்னு ஒருத்தி இருந்தா, எவன்டா நீ, எம்பொண்ணு பின்னாடியே சுத்தறன்னு வெளக்கமாத்த எடுத்திருப்பா. கதை மூணாம் பக்கத்துலயே முடிஞ்சிடும். அப்புறம் அஞ்சு பாகம் எப்படி விக்கறது?

ரெண்டாவது, இந்த நெஞ்சுத் துடிப்பு. மூணு தெரு தள்ளி நின்னாலும் டெல்ஃபியோட நெஞ்சு துடிக்கறது ஓரனுக்குக் கேக்குமாம். அவ எங்க போனாலும் அவனுக்குத் தெரியுமாம். நீங்கள்ளாம் அங்கதான் உருகறீங்க. எனக்கு ஈரக்குலையே நடுங்குது. ஏன்டி, ஒரு பொண்ணு கடைக்குப் போனா தெரியும், தோழி வீட்டுக்குப் போனா தெரியும், அம்மாவுக்குப் போன் பண்ணப் போனாக்கூடத் தெரியும்னா, அது காதலா? அதுக்கு எங்க ஊர்ல வேற பேரு.

பாரு, இப்பப் பாரு. வரலையா? கண்ணாடிக் கதவுக்கு வெளிய, கார் நிறுத்தற எடத்துல? இல்ல, நீ நல்லாப் பாரு. மூக்கு லேசா வலது பக்கமா வளைஞ்சிருக்கும், சின்ன வயசுல ஐஸ்ல சறுக்கி விழுந்து...

என்ன? நேர்ல பாத்ததில்லன்னு சொன்னேனா? இல்லையே, நெட்ல பழக்கம்னுதான் சொன்னேன். சரி விடு. கேளு.

இந்தப் பொண்ணு மழைநரி எல்லாப் புத்தகத்துக்கும் அஞ்சு ஸ்டார் குடுக்கறவ. ஓரன்னா உயிர விடுவா. நாலாம் பாகம் வந்துச்சு பாரு, பாதுகாப்புன்னு சொல்லி டெல்ஃபிய ஏரிக்கரை வீட்ல வச்சுப் பூட்டுவானே? நீங்க எல்லாரும் ஆகா ஓகோன்னு எழுதுனீங்க. இவ மட்டும் ஒரே ஒரு ஸ்டார் குடுத்தா. கீழ ரெண்டே வரி. அந்தக் கதவுல உள்பக்கம் கைப்பிடி இல்ல, இத யாருமே கவனிக்கலையான்னு எழுதியிருந்தா.

நான் புத்தகத்த எடுத்தேன் கண்ணு. ஏரிக்கரை வீடு வர அத்தியாயத்த அலசித் தேடினேன். கதவு ஓக் மரம்னு இருக்கு, பூட்டு வெள்ளின்னு இருக்கு. கைப்பிடியப் பத்தி ஒரு பேச்சு இல்ல. எந்தப் பக்கத்துலயும் இல்ல. அப்போ அவ எந்தக் கதவச் சொல்றா?

ஆமா. நீ வெவரமான பொண்ணு. எனக்கும் அப்பத்தான் புரிஞ்சுது, அது அவ இருக்கற வீட்டுக் கதவுன்னு.

அவள அடைச்சு வச்சிருக்கறவன் பேரு டேரன். அவளோட போனு, ஈமெயிலு, எல்லாத்தையும் நோண்டுவான். இந்த விமர்சனத்த மட்டும் தொடறதில்ல. பொட்டச்சிங்க பேய்க் கதை, இதப் படிக்க எனக்கென்ன கிறுக்கான்னு எகத்தாளம். அந்த எகத்தாளத்துலதான் நாங்க பூந்து வந்தோம். நான் கீழ கேட்டேன், டெல்ஃபிக்கு அந்த வீட்டுலேர்ந்து வெளிய வர ஆசை இருக்குமான்னு நெனக்கிறீங்களான்னு. இருக்கும், ஆனா பயந்தாங்கொள்ளின்னு பதில் போட்டா. அவ எப்ப வெளிய வருவான்னு கேட்டேன். ஓரன் அவள ஊர்க் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போற அன்னிக்குன்னா. அவனுக்குத்தான் துடிப்பு கேக்குமேன்னேன். நெஞ்சக் கழட்டி அவன் கையிலயே குடுத்துட்டு வருவான்னு எழுதினா.

நெஞ்சுன்னா போனு, ஊர்க் கூட்டம்னா இன்னிக்கு இந்தக் கடை. புரியுதா? படிக்கறவங்கள்ளாம் என்னமா ரசனையோட பேசறாங்கன்னு எங்க சண்டைக்கு லைக் போட்டுட்டுப் போனாங்க. நான் அங்க கேண்டீன் அடுப்பு முன்னாடி நின்னு அழுதுட்டிருந்தேன், கிழங்கு கருகற வாசனைகூடத் தெரியல.

போலீசா? போனேனே. போகாம இருப்பனா? போலீஸ் போயிக் கதவத் தட்டினாங்க. பத்தொம்போது வயசு, மேஜர். அவளே வந்து, நான் நல்லாத்தான் இருக்கேன், அந்தப் பொம்பள எங்கள நிம்மதியா விட்டாப் போதும்னு சொல்லிட்டாளாம். அவன் பின்னாடியே நின்னான்னு அந்த ஆபீசரே சொன்னாரு. அதுக்கு மேல எங்களால ஒண்ணும் செய்ய முடியாதும்மான்னுட்டாரு.

என்ன சொன்ன? பச்சைத் தொப்பியா? கூட அவனா? திரும்பாத, திரும்பாத! கடவுளே. மெலிஞ்சிருக்காளா? நீ எப்படிச் சொல்லுவ, உனக்கெப்படித் தெரியும். கையில சீட்டு இருக்கா? வெள்ளையா?

வெள்ளை. அவ்ளோதான், போச்சு. அவன் அரை மணி நேரம் நிக்க மாட்டான், கெளம்புடின்னு இழுத்துட்டுப் போயிடுவான்.

கண்ணு, நீ எனக்கு ஒரு உதவி பண்ணணும். உன் சீட்டு வேணாம், நீ ஆசையா வந்திருக்க. இந்தா, என்னுது. நான் போனா அவன் என்னப் பாத்துடுவான், இந்த முக்காடெல்லாம் சும்மா. உன்ன அவனுக்குத் தெரியாது. நீ சாதாரணமா போ. எங்கூட வர வேண்டிய தோழி வரல, ஒரு நீலச் சீட்டு மிச்சமிருக்கு, வேணுமான்னு கேளு. சீக்கிரம் வேலை முடியுமேன்னு அவனே வாங்கிக்கச் சொல்லுவான். அங்க கயிறு கட்டியிருக்காங்க பாரு, அதத் தாண்டி அவனால வர முடியாது, சீட்டு இருக்கறவங்கள மட்டும்தான் விடுவாங்க. அவ போன அவன்கிட்டக் குடுத்து, நான் கையெழுத்து வாங்கறப்ப நீ இங்கேர்ந்து போட்டோ எடுன்னு சொல்லுவா. அது அவளே போட்ட திட்டம். எம்புட்டு மூளை பாரு அவளுக்கு. கையெழுத்து வாங்கினவங்கள இந்தப் பக்கமா திருப்பி விட மாட்டாங்க, குழந்தைங்க புத்தகம் இருக்கற மூலையில பக்கவாட்டுக் கதவு, அது வழியாத்தான் அனுப்புவாங்க. நேத்தே வந்து பாத்துட்டேன். அதுல கைப்பிடி இருக்கு, ரெண்டு பக்கமும்.

சீட்டப் பத்திரமாப் பிடிச்சுக்கோ. பயப்படாத, புத்தகத்தப் பத்தியே பேசு. அவளுக்கும் அதான் தைரியம்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. மழைநரிங்கற பேரு அவ சின்ன வயசுலயே வச்சுக்கிட்டது, எனக்குத் தெரியும்; ஆனா அவ காக்கான்னா தன் வயசுப் பொண்ணுன்னு நெனச்சிட்டிருக்கா. வண்டியில என்னப் பாத்தா திரும்பி ஓடினாலும் ஓடிருவா. உங்கம்மா உன்னத் தலைமுழுகிட்டான்னு அவன் நம்ப வச்சிருக்கான். நான் அனுப்பின கடுதாசி ஒண்ணுகூட அவ கைக்குப் போயிருக்காது. நான் இப்பவே வண்டிக்குப் போயிடறேன், அதனால கயிறத் தாண்டினதும், நீ அவ பின்னாடியே நின்னு மெதுவா சொல்லு. பேரெல்லாம் வேண்டாம். புத்தகத்தப் பத்திப் பேசற மாதிரியே சொல்லு.

இந்தக் கதையில அம்மா சாகலையாம். பக்கத்துச் சந்துல, சாம்பக் கலரு காருல, எஞ்சின ஆன்ல வச்சுக்கிட்டு உக்காந்திருக்காளாம். சாப்பிட்டியாடின்னு கேக்கச் சொன்னாளாம்.

போ கண்ணு. நீலத்தக் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க.