உறவு: ஞானத்தகப்பன்

பெயர் பங்கிராஸ். தகப்பனார் காலஞ்சென்ற சவரிமுத்து. வயது 49. படிப்பு பி.ஏ. முன்பு பள்ளி ஆசிரியர், இப்போது விவசாயம். இருப்பு ஆவூர், குளத்தூர் தாலுகா, திருச்சிராப்பள்ளி ஜில்லா. 1961 ஆகஸ்டு 9ஆம் தேதி காவல் நிலையத்தில் ஆஜராகிச் சொல்வது:

என் மனைவி இறந்துவிட்டார். பிள்ளைகள் இல்லை. என்னிடம் வளரும் அடைக்கலமேரி, வயது 7, என் நிலத்தில் வேலை செய்த சூசைமேரியின் மகள். சூசைமேரி பிரசவத்தில் இறந்தார். தகப்பன் அதற்கு முன்பே கிணறு வெட்டும்போது மண் சரிந்து இறந்தவர். ஞானஸ்நானத்தன்று குழந்தையை ஏந்தி நிற்க என் தம்பி லூர்துநாதன் ஒப்புக்கொண்டிருந்தார். கோயில் வாசல் வரை வந்து, "கொல்லைக்கு ஆளு வந்திருக்கும்ண்ணே, இந்தா வாரேன்" என்று போனவர் திரும்பவில்லை. என் மனைவியை அடக்கம் செய்த அன்றும் அவர் கடலைக்கொல்லையில்தான் இருந்தார். ஞானஸ்நானத்தன்று தம்பி வராததால் நானே குழந்தையை ஏந்தி, இதற்கு நான் பொறுப்பு என்று பீடத்தின் முன் சொல்லி ஞானத்தகப்பன் ஆனேன். அன்று முதல் பிள்ளை என் வீட்டில் இருக்கிறது.

சென்ற வருஷம் பள்ளியில் சட்டப்படியான பாதுகாவலர் யார் என்று கேட்டதன் பேரில், பிள்ளையை வளர்க்க அனுமதி கோரி நானாகவே கோர்ட்டில் மனுச் செய்தேன். கேட்காமல் இருந்திருந்தால் யாரும் வந்திருக்க மாட்டார்கள். அதன் பிறகு, வீட்டில் பெண் இல்லை, நான் பூசைக்குப் போவதில்லை என்று தம்பி எதிர்மனுப் போட்டார். என் நிலம் தன் மகன்களுக்கு வராமல் போகும் என்பதை அதில் அவர் சொல்லவில்லை.

அதன் பிறகு விசாரிக்க வந்த அதிகாரி பிள்ளையிடம், "பொம்பளை இல்லாத வீட்ல ஒனக்கு யாரு பாப்பா தலை பின்னி விடுறது?" என்று கேட்டார்.

"ஞானப்பாதான். சிக்கெடுக்கையில அவரு என்னையத் திட்டுவாரு, நான் அவரைத் திட்டுவேன்" என்றது பிள்ளை.

அதிகாரி சிரித்தார். சிரித்துவிட்டு, பெண் துணை இல்லை என்றே எழுதிக்கொண்டு, விசாரணை முடியும்வரை பிள்ளையை விடுதியில் விடச் சொன்னார்.

நேற்றுக் காலை அழைத்துப்போக வந்தவர்களிடம் தர மாட்டேன் என்றேன். பிள்ளையை நான் ஒளித்துவைக்கவில்லை. கதவு திறந்திருந்தது, உள்ளே அது ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. தம்பி தெருவில் நின்று, "ரத்தமா, சொந்தமா? ஒங்களுக்கு எதுக்குண்ணே இந்த வம்பு?" என்றார். "அன்னைக்கு நீ ஏந்தியிருந்தா ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்டா" என்றேன். நான் யார் மேலும் கை நீட்டவில்லை.

கோர்ட்டு கூப்பிடும் நாளில் பிள்ளையோடு போய் நிற்பேன். அதுவரை தர மாட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

மேலே இருப்பது நான் சொன்னபடியே இருக்கிறது, நானே படித்துப் பார்த்தேன், எல்லாம் உண்மை. பிள்ளைக்கும் எனக்கும் உறவு என்ற இடத்தில் ஏட்டு 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தார். அதை அடித்து 'ஞானத்தகப்பன்' என்று எழுதிய பிறகே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ச. பங்கிராஸ்