ஐயம்பேட்டையில் அணைந்த தீ

கோபுரம்போல் உயர்ந்த குணத்தவராம் அவைத்தலைவர் உமாபதி ஐயா அவர்களே! ஏனாத்தூரிலிருந்து வந்து எங்களைப் பெருமைப்படுத்தியிருக்கும் பேராசிரியப் பெருமக்களே! பாவும் ஊடையும் சேர்த்துப் பாரெங்கும் பளபளக்கப் பட்டு நெய்யும் பிள்ளையார்பாளையத்துப் பெரியோர்களே! சுட்டெரிக்கும் வெயிலிலும் கைக்குழந்தையோடு காத்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காவிட்டாலும் நகராமல் நிற்கும் இளைஞர்களே! உங்கள் அனைவருக்கும் என் தலைதாழ்ந்த வணக்கம்!

என்ன, பின்னால் கேட்கவில்லையா? மைக்செட்காரரே, சற்று ஏற்றுங்கள். இப்போது? நல்லது.

இந்தக் கணினி மையத்தைத் திறந்துவைக்க என்னை அழைத்தார்கள். திறப்பதற்கு முன், இது பிறந்த கதையைச் சொல்ல வேண்டாமா?

சென்ற ஆண்டு கோடை. மழை பொய்த்தது, பயிர் கருகியது. இந்த ஐயம்பேட்டை உழவர், நம் கலியன், வேறு வழியின்றித் தன் நிலத்தை ஒரு பழைய சாமான் வியாபாரியிடம் குத்தகைக்கு விட்டார். வந்து குவிந்தவை என்ன? பட்டணத்து அலுவலகங்கள் கழித்துப்போட்ட கணினிகள்! ஒயரைக் கொளுத்தினால் உள்ளிருக்கும் செம்பு கிடைக்கும். கூலிக்குக் கொளுத்தியவர் யார்? கலியனின் மனைவி காந்தா. வயலெல்லாம் புகை, வாசலெல்லாம் புகை, அந்த அம்மையாரின் நெஞ்செல்லாம் இருமல்!

ஏனாத்தூர்க் கல்லூரியில் கணினி கற்பிக்கும் ஸிந்துஜா ஒருநாள் அவ்வழியே ஷேர் ஆட்டோவில் வந்தவர், நாற்றம் தாளாமல் இறங்கிக் காந்தாவிடம் ஓடினார்.

“அக்கா, இந்தப் புகை விஷம்க்கா. எரிக்காதீங்க!”

“இத்த எரிக்காட்டி எங்க வூட்டு அடுப்பு எரியாதும்மா. அத்த யாரு பாக்கறது?”

அந்தக் கேள்விக்கு எந்தப் பல்கலைக்கழகத்தில் பதில் இருக்கிறது? ஸிந்துஜா அன்று ஆட்டோ ஏறிப் போய்விட்டார். ஆனால் மறுநாள் மாலை மீண்டும் வந்தார், கையில் ஒரு திருப்புளியோடு!

“எரிக்காம பிரிக்கலாம்க்கா. செம்பு அப்பவும் கெடைக்கும். உருப்படியான பாகத்த வச்சு ஓடற மெஷினே செய்யலாம். நான் சொல்லித் தரேன், நீங்களும் கை குடுங்க.”

இருவரும் உட்கார்ந்து பிரித்தார்கள். செய்தி வியாபாரிக்கு எட்டியது. கொதித்துக்கொண்டு வந்தார். “யாரக் கேட்டுப் பிரிக்கிற? இன்னிக்கே கொளுத்து!” என்று தீப்பெட்டியை எடுத்தார். காந்தா என்ன செய்தார் தெரியுமா? குவியலின்மேல் ஏறி நின்றார்!

“கொளுத்துய்யா! என்னையும் சேத்துக் கொளுத்து!”

அதுவரை தலைகுனிந்து நின்ற கலியன், மெல்ல நடந்து மனைவியின் பக்கத்தில் போய் நின்றார். “இது எங்க நெலம்பா. இனிமே இங்க நெருப்பு கெடையாது” என்றார். ஊர் திரண்டது. வியாபாரி போனார். குப்பையை நம் தலையில் கட்டிவிட்டுத்தான் போனார்!

கை தட்டுகிறீர்களே, கலியனைப் பார்த்துத் தட்டுங்கள். அதோ, தூணுக்குப் பின்னால் ஒளிகிறார்!

காந்தாவும் ஸிந்துஜாவும் பாகம் பாகமாக முதல் கணினியைப் பூட்டிச் சுவிட்சைப் போட்டார்கள். பட்டென்று ஒரு பொறி! தெரு முழுக்க மின்சாரம் போயிற்று. “டீச்சர், நாம நெருப்ப உட்டாலும் அது நம்மள உடாது போலக்குதே!” என்றார் காந்தா. சிரித்துவிட்டு மறுபடி பிரித்தார்கள். மறுபடி பூட்டினார்கள். ஒரு மாலை, அந்தக் கண்ணாடித் திரையில் நம் தாய்த்தமிழில் ‘வணக்கம்’ ஒளிர்ந்தபோது, காந்தா திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

செத்துப்போன நான்கிலிருந்து உயிருள்ள ஒன்று. இப்படித்தான் இந்த அறை நிறைந்தது. மென்பொருளோ, உலகத்து நல்லவர்கள் இலவசமாகக் கொடுத்தது. மின்சாரத்தில் பாதியைக் கூரைமேல் இருக்கும் சூரியத் தகடு தருகிறது. பிழைக்காத பாகங்களை எரிப்பதில்லை, புதைப்பதில்லை. பத்திரமாகப் பிரித்தெடுக்கும் ஆலைக்கு அனுப்புகிறோம். ரிப்பன் வெட்டும் முன்பே நம் நெசவாளிகள் சேலை முந்தானைக்குரிய கோலங்களை இங்கே வரைந்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள்!

நம்மை வளரும் நாடு என்கிறார்கள். வளர்வோம்! ஆனால் எதைக் குடித்து வளர்வது? புகையையா? எதன்மேல் நின்று வளர்வது? பிறர் கழித்த குப்பையின் மேலா? அறிவு வேண்டும் நமக்கு, அழிவு வேண்டாம்! கணினி வேண்டும் நமக்கு, கழனியும் வேண்டும்!

சென்ற மாதம் ஒரு பெரிய நிறுவனத்தின் வேன் வந்தது. மாலை போட்ட பெட்டிகள், கூடவே புகைப்படக்காரர். ‘கணினி நன்கொடை’ என்றார்கள். ஸிந்துஜாவும் காந்தாவும் திறந்தார்கள். பாதிக்குமேல் வெறும் கூடு! காந்தா கைகூப்பிச் சொன்னார்:

“ஓடறதக் குடுங்க, கும்புட்டு வாங்கிக்கிறோம். ஓடாதத நீங்களே எடுத்துக்கினு போங்க. இது ஊருபா, குப்பமேடு இல்ல!”

போட்ட மாலையோடு திரும்பிப் போயின பெட்டிகள்! என் அருமை மக்களே, உலகத்தின் முகத்துக்கு நேரே இந்த நாடு சொல்ல வேண்டிய வார்த்தையை, ஐயம்பேட்டை முதலில் சொல்லிவிட்டது!

பிறகு இந்தக் கதவைத் திறக்க நான் யார்? காந்தா அம்மையாரே, ஸிந்துஜா அவர்களே, மேடைக்கு வாருங்கள். கலியன் ஐயா, தூணை விட்டு வெளியே வாருங்கள். இந்த ரிப்பனை நீங்கள் மூவரும் வெட்டுங்கள். நான் கீழே இறங்கி, உங்களோடு உங்களாய் நின்று, கை வலிக்கக் கை தட்டுகிறேன்.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி! வணக்கம்!