முடிச்சு எந்தப் பக்கம்

— அந்த வேலிப் பொட்டை இண்டைக்கே அடைக்கிறது. வேலி கட்டுற ஏரம்புவுக்குச் சொல்லியாச்சு. இனி ஒரு கதையும் வேண்டாம், ஞானாம்பிகை.

— கலியாணம் முடிச்சு வந்த நாளிலையிருந்து நான் குனிஞ்சு போய்வாற வழி. பத்து வருசமா, வேலி மாத்துற நேரமெல்லாம் அந்தப் பொட்டை விட்டுத்தானே அடைப்பிச்சனீங்கள்? நல்லம்மா வீட்டுக்குப் போக எனக்கு வேறை வழி ஏது?

— அப்ப அங்காலை நல்லம்மா மட்டும்தான் இருந்தாள்.

— இப்ப?

— இப்ப அவளின்ரை தமையனும் இருக்கிறான். கிராமபோன் பெட்டியோடை மலாயாவாலை வந்து இறங்கின துரை. நமசிவாயம்!

— அவர் உங்களுக்கு என்ன செய்தவர்?

— பாத்தியோ! ‘அவர்’!

— தபால்காரனையும் நான் ‘அவர்’ எண்டுதான் சொல்லுறனான். அதுக்கு நீங்கள் தபால்கந்தோரை அடைக்கச் சொல்லேல்லையே.

— வாத்தியார் ஐயா! நார் ஊறிப்போய்க் கிடக்கு. பொட்டை விடுறதோ, அடைக்கிறதோ?

— பொறு ஏரம்பு! கிணத்தடிப் பக்கத்தை முதல் கட்டு. முடிச்செல்லாம் எங்கடை பக்கம் விழவேணும், கண்டியோ? அங்காலை விழுந்தால் நாளைக்கு வேலி தங்கடை எண்டு நிப்பினம். என்ரை அப்பு ஏழு வருசம் கோடேறி வழக்காடி வெண்ட வேலி இது.

— தெரியும் ஐயா. வருசா வருசம் சொல்லுறனீங்கள்தானே.

— இஞ்சருங்கோ. என்னிலை சந்தேகமெண்டால் என்னை நேரை கேளுங்கோ.

— கேக்கத் தேவையில்லை. அனுமானம் போதும்.

— ஓ, சனிக்கிழமைப் பாடமோ? சரி, சொல்லுங்கோ. நானும் கேக்கிறன்.

— பங்குனிக் கடைசியிலை உவன் வந்தான். சித்திரை பிறந்த கையோடை நீ தலைக்குப் பூ வைக்கத் தொடங்கினாய். ஆகையினாலே—

— கோயில் மணி அடிச்ச கையோடை கோண்டாவில் ஸ்ரேசனுக்குக் கோச்சி வருகுது.

— என்ன?

— அப்ப மணிதானோ கோச்சியை இழுத்துக்கொண்டு வந்தது? போன சனி, உங்களிட்டைத் தருக்கம் படிக்க வந்த பள்ளிக்கூடச் சட்டம்பிமாரைப் பாத்து நீங்கள் கேட்ட கேள்விதான். முந்தி நடந்தது எல்லாம் காரணமில்லை எண்டு சொன்னனீங்கள். அதுக்குப் போலி எண்டு ஒரு பேரும் சொன்னனீங்கள்.

— அது உனக்கு எப்பிடித் தெரியும்?

— குசினியிலை நிண்டு அவைக்குக் கோப்பி போடுறது நான்தானே. காதைப் பொத்திக்கொண்டு போடுறேல்லை. கிணத்தடி மல்லிகை சித்திரையிலைதான் பூக்கிறது. போன சித்திரையும் வைச்சனான், அதுக்கு முதல் சித்திரையும் வைச்சனான். நீங்கள்தான் இந்தச் சித்திரை பாத்தனீங்கள்.

— சரி, பூவை விடு. ஊர் முழுக்கக் கதைக்குது.

— ஊரெண்டால் ஆர்?

— வாசிகசாலையிலை.

— வாசிகசாலையிலை ஆர்?

— தம்பிராசா. பிறகு... தம்பிராசாவின்ரை மச்சான்.

— அப்ப ஒரு ஆள். தம்பிராசா சொல்லாத ஒண்டை அந்த மச்சான் இண்டைவரைக்கும் வாய் திறந்து சொன்னதில்லை. என்ன சொன்னவர் தம்பிராசா?

— ‘வாத்தியார், பக்கத்து வீட்டிலை பாட்டுக் கேக்குது போலை’ எண்டான். சொன்னதிலை ஒண்டுமில்லை. சொல்லிப்போட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சான், அதுதான்...

— அந்த மனிசன் செத்த வீட்டிலையும் சிரிக்கிறது.

— நீ பகிடி பண்ணாதை. மலாயாவுக்குப் போன ஆக்களை உனக்குத் தெரியாது. எல்லாரும் கெட்டுத்தான் திரும்பி வருகினம்.

— எத்தினை பேரைக் கண்டனீங்கள்?

— இணுவிலிலை ஒருத்தன். அச்சுவேலியிலை ஒருத்தன்.

— உங்கடை பெரியண்ணை பதினெட்டு வருசம் ஈப்போவிலை இருந்தவர். அவரும் கெட்டோ வந்தவர்?

— அண்ணையை இதுக்குள்ளை இழுக்காதை! அண்ணை வேறை.

— ஓம், வேறைதான். பொருந்தாத ஆளைத் தூக்கி அங்காலை வைச்சிட்டால் உங்கடை ‘எல்லாரும்’ எப்பவும் சரியாத்தான் வரும்.

— இண்டைக்குப் பாட்டுக் கேக்க வாருங்கோ எண்டுவான். நாளைக்குப் படம் பிடிக்கிறன் எண்டுவான். நாளையிண்டைக்கு...

— நாளையிண்டைக்குக் கப்பலேத்திக்கொண்டு போயிடுவார், என்ன? எங்கடை வேலியடியிலையிருந்து பினாங்குக்கு மூண்டு எட்டிலை போயிட்டியள். நடுவிலை கடல் ஒண்டு கிடக்கு, வாத்தியார்.

— என்னை வாத்தியார் எண்டாதை!

— சரி. சொல்லேல்லை.

— முந்தாநாள் உவன் படலையடியிலை நிண்டு என்னோடை கதைக்கேக்கை நீ விளக்குமாத்தோடை முத்தம் கூட்டிக்கொண்டு நிண்டனீ. ஒருக்காலும் நிமிர்ந்து பாக்கேல்லை. மனசிலை ஒண்டுமில்லாட்டில் ஏன் குனிஞ்சனீ?

— நிமிர்ந்து பாத்திருந்தால்?

— பாத்திருந்தாலோ?

— சொல்லுங்கோவன். பாத்திருந்தால் என்ன நினைச்சிருப்பியள்?

— வெக்கமில்லாமல் பாக்கிறாள் எண்டு... நினைச்சிருப்பன்.

— பாத்தாலும் கள்ளி, பாக்காட்டிலும் கள்ளி. அப்ப நான் கண்ணை எங்கை கொண்டுபோய் வைக்கிறது? எந்த மறுமொழியும் ஒரே முடிவுக்குத்தான் வருமெண்டால் அது விசாரணையில்லை எண்டு சொன்னது ஆர்?

— நான்தான்.

— எப்ப?

— மாசியிலை. உனக்கு இவ்வளவும் ஞாபகம் இருக்கோ?

— எல்லாம் இருக்கு.

— சரி, கடைசியா ஒண்டு. பொட்டு வேணும் எண்டு நிக்கிறாய். எனக்கு வேண்டாம். ஒண்டில் அந்தப் பொட்டு, ஒண்டில் நான். எது வேணும், சொல்லு.

— பத்து வருசம் ரண்டும் இருந்ததே. மூண்டாவது வழி இருக்கேக்கை அதை மறைச்சுப்போட்டு ரண்டை மட்டும் நீட்டுறது, கோட்டிலை வழக்குப் பேசுற பிரக்கிராசிமார் செய்யிற வேலை எண்டு நீங்கள்தான்—

— போதும், ஞானம்! போதும். எனக்குப் பொறாமை. போலியுமில்லை, ஏதுவுமில்லை, வெறும் பொறாமை. நெஞ்சு எரியுது. அந்தப் பெட்டி அங்காலை பாடத் தொடங்கினால் எனக்குப் பாடம் ஓடுறேல்லை. அரைவாசியிலை விட்டுப்போட்டு, நீ குசினியிலை நிக்கிறியோ எண்டு எட்டிப் பாக்கிறன். சட்டம்பிமார் என்னைப் பாக்கினம். எனக்கு ஒரு பாட்டும் தெரியாது, அவனைப்போலை ஒரு சட்டையுமில்லை. சுண்ணாம்புக் கட்டி பிடிச்ச கைதான் இருக்கு.

— உதை முதலே சொல்லியிருக்கலாமே. உதிலை ஒரு பிழையுமில்லை.

— வாத்தியார் ஐயா! கிணத்தடி முடிஞ்சுது. அங்காலை என்ரை மனிசி குத்தூசியோடை வெய்யிலிலை நிக்கிறாள். நார் காயுது!

— வாறன் ஏரம்பு! ஞானம், நான் தோத்துப்போனன். நான் சொன்ன காரணம் ஒண்டும் நிக்கேல்லை. என்ரை பாடத்தாலையே எனக்கு அடிச்சுப்போட்டாய். சத்தியமாச் சொல்லுறன், இப்பதான் நெஞ்சு ஆறினமாதிரிக் கிடக்கு. ஏரம்பு! பொட்டை அப்பிடியே விட்டுக் கட்டு!

— வேண்டாம். அடைக்கச் சொல்லுங்கோ.

— என்ன?

— அடைக்கச் சொல்லுங்கோ.

— உனக்கென்ன விசரே? நான் சொன்னதெல்லாம் பிழை எண்டு இவ்வளவு நேரமும் நீதானே...

— நீங்கள் சொன்ன காரணமெல்லாம் பிழை. முடிவு பிழையெண்டு நான் எங்கை சொன்னனான்?

— ஞானம்...

— காரணம் பிழைச்சால் முடிவும் பிழைக்கும் எண்டு நினைக்கிறதும் ஒரு போலிதான். அதை நீங்கள் இன்னும் படிப்பிக்கேல்லை. நானாத்தான் யோசிச்சனான். நேரை கேளுங்கோ எண்டு சொன்னனான், நீங்கள் கேக்கேல்லை.

— இப்ப கேக்கிறன். என்ன நடந்தது?

— ஒண்டும் நடக்கேல்லை. நல்லம்மாவும் நானும் அரிசி புடைச்சுக்கொண்டிருந்தனாங்கள். அவர் பெட்டியிலை ஒரு பாட்டுத் தட்டுப் போட்டவர். பாடி முடிய என்னைப் பாத்து, ‘இந்தப் பாட்டைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறியள்’ எண்டு கேட்டவர்.

— அவ்வளவோ?

— அவ்வளவுதான். நான் ஒண்டும் சொல்லேல்லை. எழும்பி வந்திட்டன்.

— உது ஒரு விசயமே?

— பத்து வருசமா இந்த வீட்டிலை எத்தினை வாதம் நடந்தது. நீ என்ன நினைக்கிறாய் எண்டு நீங்கள் ஒருக்கால் கேட்டனீங்களோ? கோப்பி எங்கை எண்டுதான் கேட்டனீங்கள். அண்டையிலையிருந்து அந்தப் பெட்டி பாடத் தொடங்கினால் என்ரை கால் தானா வேலியடிக்குப் போகுது. அவருக்கு ஒண்டும் தெரியாது. நல்லம்மாவுக்கும் தெரியாது. எனக்குத்தான் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும்.

— ஐயா! விடச் சொன்னனீங்கள், பிறகு அம்மா அடைக்கச் சொன்னமாதிரிக் கேட்டுது. என்ன முடிவு?

— அடை, ஏரம்பு.

— முடிச்சு இஞ்சாலைதானே ஐயா?

— ஓம். எங்கடை பக்கம்.

— இல்லை, ஏரம்பு. முடிச்சு அங்காலை விழட்டும்.

— ஞானம்! அங்காலை விழுந்தால் வேலி அவையின்ரை எண்டு போயிடும். அப்புவின்ரை ஏழு வருசம்...

— போகட்டும். இஞ்சாலை போட்டால் நான் அவிட்டுப்போடுவன்.