துளையைச் சுற்றிய பழுப்பு

— துளை அழகாத்தானே விழுந்திருக்கு, யோவிதா? இதோ பாரு, ஒரு பிசிறு இல்ல.

— துளையைப் பார்க்காதீங்க, அல்விதாஸ். அதைச் சுத்திப் பாருங்க. பழுப்பா ஒரு வளையம் தெரியுதா? லேசர் சூட்டுல வெந்த எலும்பு அது.

— மயிரிழை அளவு.

— இது மாட்டுத் தொடையெலும்பு. மனுசங்களுக்குக் காதுக்குப் பின்னாடி, துளைக்கிற இடத்துலேருந்து அந்த மயிரிழை தூரத்துலதான் முகத்து நரம்பு ஓடுது. அது வெந்தா பாதி முகம் தொங்கிடும்.

— இதோ பாரு, கௌனாஸ் ஊர்லேருந்து இந்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரா வந்து நான் எடுத்த முதல் வேலை இது. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்காரங்க வராங்க.

— வரட்டும். பீட்ரூட் சூப் குடுத்து உபசரிங்க. லேசர் இன்னும் தயாராகலன்னு சொல்லுங்க.

— நாற்பத்தேழு டிகிரியைத் தாண்டினாத்தானே எலும்பு சாகும்? நான் வச்ச வெப்பமானி அதைத் தொடவே இல்லையே.

— எங்க சொருகினீங்க?

— கொஞ்சம் தள்ளித்தான்.

— நான் கிட்டக்க சொருகிப் பார்த்தேன். எழுபதுக்கு ஏறிடுச்சு. கருகின வாடை இன்னும் என் சட்டையில இருக்கு.

— தண்ணி தெளிச்சுக்கிட்டே துளைச்சா?

— தெளிக்கணும்தான். ஆனா தேங்கினா தண்ணியே ஒளியைக் குடிச்சிடுது, துளை இறங்க மாட்டேங்குது. விட்டு விட்டு அடிச்சு, நடுநடுவுல ஆறவிடணும். எவ்வளவு ஆறணும்னு பிடிபட குளிர்காலம் ஆயிடும்.

— குளிர்காலமா? காதுக் கருவி பொருத்தறதுக்காக ஆஸ்பத்திரியில காத்திருக்கிற அந்தப் பொண்ணுக்கு ஒரு காது போயாச்சு. இன்னொண்ணும் போய்க்கிட்டிருக்கு. சாதாரணத் துளைக்கருவி நரம்புல பட்டுடும்னு டாக்டருங்க கையை விரிச்சதாலதானே நம்மளை நம்பி இருக்கா?

— தெரியும்.

— தெரிஞ்சும் கல்லு மாதிரி நிக்கிற. லேசர் தயார்னு நீ கையெழுத்துப் போடலன்னா வேற ஆள் போடுவாங்க.

— போடட்டும். அவங்களுக்கும் இந்தப் பழுப்பைக் காட்டிட்டுத்தான் வெளிய போவேன்.

— நீ அசைய மாட்ட.

— மாட்டேன்.

— சரி. துளைக்க வேண்டாம். ஆனா அந்தப் பொண்ணுகிட்ட யார் சொல்றது? எனக்கு வாய் வராது.

— நேத்தே சொல்லிட்டேன்.

— நீயா? ஆஸ்பத்திரிக்கா போன?

— இல்ல. சமையலறையில வச்சுச் சொன்னேன். என் உதட்டையே பார்த்துக்கிட்டிருந்தா.

— யார் வீட்டுச் சமையலறை?

— எங்க வீட்டுதுதான். ஆஸ்பத்திரித் தாள்ல என் குடும்பப்பேரு இல்லாம அவ அப்பாவோடது இருக்கறதால உங்களுக்குத் தெரியல. "பொறுத்துக்கறேம்மா, நீ சரியா பண்ணு"ன்னா. அடுத்த எலும்பை எடுங்க, அல்விதாஸ்.